இந்தியப் பெயர் கொண்ட இறாலும் மணல் மூடிய முகத்துவாரமும்

புரட்டாசி முடிந்த மறுநாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மீன் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஒரு மாதம் வாயைக் கட்டிய வீடுகள் அன்றைக்கு ஒரு கை பார்த்துவிடும். அப்படியொரு காலையில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் ஆயாவை விக்டோரியா தெருச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். எண்பதைத் தாண்டியவர். பேச்சில் முக்கால்வாசி ஆங்கிலம்தான். ஆனால் 'எறா' என்று அவர் சொல்லும்போது பழவேற்காட்டில் என் அத்தை சொல்வதுபோலவே இருக்கும்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். ஒரு பக்கம் இந்தியாவிலிருந்து வந்த வன்னாமி என்ற பண்ணை இறால். பக்கத்தில் அர்ஜென்டினாவின் சிவப்பு இறால். ஓரமாகக் கொஞ்சம் மொசாம்பிக் புலி இறால்; அதன் விலையைக் கேட்டால் பர்சைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஆயா மூன்றையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம இங்கத்த வெள்ளை எறா எங்க தம்பி?"

கடைக்காரர் சிரித்தார். "அது போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆன்ட்டி."

எங்கே போனது? யாரைக் கேட்டாலும் இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு போய்விட்டன என்றுதான் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். படகுகள் செய்த கெடுதல் உண்டு, அதற்கு வருகிறேன். ஆனால் வெள்ளை இறால் காணாமல் போன கதையில் முதல் குற்றவாளி வலை இல்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே விழுந்த ஒரு மணல் திட்டு.

அதைப் புரிந்துகொள்ள இறாலை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயா வீட்டுச் சமையல்கட்டில் தலையோடு இருந்த வன்னாமியைக் கழுவும்போது இதைச் செய்து பார்த்தோம். வயிற்றுப்பகுதி ஆறு வளையங்களாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் பக்கவாட்டுத் தகடும் அடுத்ததன் மேல் கூரை ஓடு மாதிரி படிந்திருந்தால், அது பினேயிட் குடும்பம். வெள்ளை இறால், புலி இறால், வன்னாமி எல்லாம் இந்த வகை. இரண்டாவது வளையத்தின் தகடு மட்டும் அகலமாகி, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்து மூடியிருந்தால் அது வேறு குலம். நன்னீரில் வளரும் நீளக்கை இறால், குளிர்கடல்களின் சின்ன இளஞ்சிவப்பு இறால் எல்லாம் அந்தப் பக்கம்.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். பெரிய வித்தியாசம்தான். அந்த இரண்டாவது குலத்தில் தாய் முட்டைகளை வயிற்றுக் கால்களுக்கிடையில் ஒட்டவைத்துக்கொண்டு, பொரியும்வரை சுமந்து திரிகிறது. பினேயிட் தாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. கடலில், இரவில், சில லட்சம் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு நீந்திப் போய்விடும். பிள்ளை பிழைப்பது பிள்ளையின் பாடு.

முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளிவருவது இறால் மாதிரியே இருக்காது. ஒற்றைக் கண்ணோடு, தூசி அளவில், கால்களை உதறிக்கொண்டிருக்கும் ஒரு புள்ளி. முதல் இரண்டு நாள் கூடவே கொண்டுவந்த மஞ்சள் கருவைத் தின்றே ஓட்டும். அப்புறம் பாசித்துகள், அப்புறம் மிதக்கும் நுண்ணுயிர்கள். சட்டையை மாற்றிக்கொண்டே போய், இரண்டு வாரம் போல ஆகும்போது ஒரு விரல்நகத்தின் குறுக்களவில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி இறால் உருவாகியிருக்கும். அதற்கு இனி ஆழக்கடல் ஆகாது. கழிமுகம் வேண்டும். ஏற்றம் வரும்போது மேலெழும்பி உள்ளே மிதந்து போகும். வற்றம் வந்தால் தரையோடு படிந்துகொள்ளும். நீந்திப்போகும் பலம் இல்லாத உயிர் அலையின் முதுகிலேயே ஆற்றுக்குள் ஏறிவிடுகிறது.

உள்ளே சேறு, அலையாத்தி வேர்கள், அழுகும் இலை, கலங்கல் தண்ணீர். பெரிய மீன்களுக்குக் கண் தெரியாது, தீனிக்குப் பஞ்சமில்லை. மூன்று நான்கு மாதத்தில் விரல் நீளத்துக்கு வளர்ந்ததும் மறுபடி கடலுக்கு இறங்கும். அங்கே முதிர்ந்து, முட்டையிட்டு, மொத்தத்தில் ஒன்று ஒன்றரை வருடத்தில் ஆயுள் முடிந்துவிடும்.

ஆக, இறால் கிட்டத்தட்ட ஓராண்டுப் பயிர். பத்து வருடம் வாழ்ந்து நிதானமாகப் பெருகும் சுறா மாதிரி இல்லை, குறுவை நெல் மாதிரி. அதனால்தான் வலைக்கு அது ஓரளவு தாங்கும். நன்றாக வாரிய வருடத்திலும் தப்பிய சில தாய்கள் போதும், அடுத்த வருடத்துக்கு விதை கிடைத்துவிடும். ஆனால் நாற்றங்கால் போய்விட்டால்? விதை எவ்வளவு விழுந்தாலும் முளைக்க இடமில்லை. சேமிப்பில் இருக்கும் பழைய மீன்களை வைத்து நாலு வருடம் ஓட்டுவது என்பதெல்லாம் இறாலுக்குக் கிடையாது. ஒரு வருடம் கதவு சாத்தியிருந்தால் அடுத்த வருடம் கடலில் இறால் இல்லை.

இங்கே கதவு சாத்தப்பட்ட இடம் செயின்ட் லூசியா. டர்பனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரப் பயணம். 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ சதுப்புநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் நீர்யானையும் முதலையும் பார்க்கப் போவார்கள். 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும் இந்த உப்பங்கழிதான் டர்பனைச் சுற்றிய நேட்டால் கடலின் வெள்ளை இறாலுக்குப் பெரிய பிள்ளைக்கூடம்.

இந்தக் கழியும் உம்ஃபொலோசி ஆறும் முன்பு ஒரே வாய் வழியாகக் கடலில் சேர்ந்தன. ஆற்றின் தாழ்நிலத்தில் நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்பு இருந்தது. வண்டல் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். அதை வடித்துக் கரும்பு போட்டார்கள். வடிகட்டி போனதும் மண் நேராகக் கழிமுகத்துக்கு வந்தது. கழி தூர்ந்துவிடும் என்று பயந்து, 1952இல் ஆற்றைத் தனியே பிரித்து வேறு வாய் வெட்டிக் கடலில் விட்டார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் மண்ணைத் தடுக்கப்போய், வறட்சியில் கழிக்கு உயிர் கொடுத்த நல்ல தண்ணீரையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். முகத்துவாரத்தை மணல் அடைக்காமல் வைத்திருந்ததில் அந்த ஆற்றின் வேகத்துக்கும் பங்கு உண்டு. அதன் பிறகு தூர்வாரித் தூர்வாரித்தான் வாயைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது.

2002இல் வறட்சி. ஆறுகள் இளைத்தன, அலை கொண்டுவந்த மணல் முகத்துவாரத்தை மூடியது. இந்தமுறை அதிகாரிகள் வலிந்து வெட்டித் திறக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு: உள்ளே நீர்மட்டம் இறங்கிக்கிடக்கும்போது வாயைத் திறந்தால் கடல்நீர் உள்ளே பாயும், வெயிலில் வற்றி உப்பு மேல் உப்பு சேரும். பழவேற்காட்டு ஆட்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்துவாரம் அடைபட்டால் அங்கே வீட்டில் உலை வைப்பதே சிரமம். வெட்டினால் எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு கவலை.

வறட்சி நீண்டது. 2006 வாக்கில் ஏரியின் பெரும்பகுதி வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. 2007 மார்ச்சில் ஒரு புயல் எழுப்பிய பேரலை மணலை உடைத்து வாயைத் திறந்தது. ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை, மறுபடி மூடிக்கொண்டது. அந்தச் சில மாதங்களைத் தவிர்த்தால், 2002 முதல் வருடக்கணக்கில் கண்ணாடிக் குட்டிகள் அலையின் முதுகில் ஏறிவந்து மணலில் முட்டிக்கொண்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

விளைவு தெற்கே தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் கடல் தரை பொதுவாகச் சட்டென்று ஆழமாகிவிடும். துகேலா ஆற்று வாய்க்கு எதிரே மட்டும் ஆறுகள் கொட்டிய வண்டலால் அகலமான சேற்று மேடை ஒன்று உண்டு. துகேலா மேடை என்பார்கள். 1960களிலிருந்து இழுவைப் படகுகள் இறால் பிடித்த இடம் அதுதான். பிடிபட்டதில் பெரும்பங்கு வெள்ளை இறால். கொஞ்சம் பழுப்பு இறால், கொஞ்சம் புலி. செயின்ட் லூசியா மூடிய பிறகு பிடிப்பு சரிந்தது; சில வருடங்களில் கரையோர இறாலுக்காகப் படகை இறக்குவதே நஷ்டம் என்றானது.

இதில் ஒரு சாட்சி இருக்கிறது. இதே கரைக்கு அப்பால், 100 முதல் 600 மீட்டர் ஆழத்தில் இன்னொரு இறால் பிடிப்பு நடக்கிறது. வேறொரு இளஞ்சிவப்பு இறாலும், லாங்குஸ்டீன் என்ற சின்னச் சிங்கி இறாலும் அங்கே கிடைக்கும். இவற்றுக்கு வாழ்நாளில் ஆற்றின் வாசனையே தேவையில்லை. பிறப்பு, வளர்ப்பு எல்லாம் ஆழ்கடலில். முகத்துவாரம் மூடிய வருடங்களிலும் படகுகள் அந்த ஆழத்தில் தொழில் செய்தன. வலை மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது?

இதே கதையை இன்னும் பெரிய அளவில் பார்க்க மொசாம்பிக் போக வேண்டும். டர்பன் உணவகங்களில் 'எல்.எம். பிரான்' என்று பெருமையாகப் போடுவார்கள். எல்.எம். என்பது லொரென்சோ மார்க்கெஸ். 1976இல் மாபுட்டோ என்று பெயர் மாறிய பிறகும் மெனுவில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொசாம்பிக் இறாலின் பெரும்பகுதி வருவது மாபுட்டோவிலிருந்து அல்ல, வடக்கே சம்பேசி ஆறு கலக்கும் சொஃபாலா மேடையிலிருந்து. சம்பேசியில் மழைக்கால வெள்ளம் நன்றாக வந்த வருடத்துக்கு அடுத்து இறால் அதிகம் என்பதை ஆய்வாளர்கள் 1990களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆனால் 1950களின் முடிவில் கரீபா அணையும், 1974இல் காஹோரா பாசாவும் வந்து அந்த வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்திவிட்டன. மின்சாரத்துக்கு வேண்டியது வருடம் முழுக்க ஒரே சீரான ஓட்டம். இறாலுக்கு வேண்டியது சரியான மாதத்தில் ஒரு பெருவெள்ளம். இரண்டும் ஒத்துப்போகாது.

நம் துகேலாவும் தப்பவில்லை. அதன் மேல்பகுதித் தண்ணீரை 1974 முதல் டிராகன்ஸ்பர்க் மலையைத் தாண்டி மேலேற்றி வால் ஆற்றுப் பக்கம் அனுப்புகிறார்கள்; ஜோகன்னஸ்பர்க் குழாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. ஆற்று நீர் கடலில் கலந்தால் வீண் என்று நம் ஊரில் மேடைதோறும் பேசுவார்கள். கடலோரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

சரி, படகுகளுக்கு வருவோம். முகத்துவாரம் முதல் குற்றவாளி என்றதால் இழுவலையை நிரபராதி என்று நான் சொல்லவில்லை. இறால் வலையின் கண் சின்னது, இழுப்பது சேற்றுத் தரையோடு. எதை விரட்டுகிறோம் என்று வலைக்குத் தெரியாது. துகேலா மேடையில் இறாலைவிடக் கழிசல்தான் எடையில் அதிகம் ஏறியது. அதில் காப் என்ற கத்தாளை இன மீனின் குஞ்சுகள் ஏராளம். தூண்டில் போட்டுப் பிழைப்பவர்கள் நாலைந்து வருடம் கழித்துப் பிடிக்க வேண்டிய மீனை, விரல் அளவில் செத்ததாகக் கடலில் திரும்பக் கொட்டினார்கள். இது இங்கே மட்டும் நடப்பதல்ல. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகம் முழுக்கக் கடலில் வீசியெறியப்படும் மீனில் 27 சதவீதம் வெப்பமண்டல இறால் இழுவலைகளிலிருந்து வருகிறது. குஞ்சுகள் அதிகம் இருக்கும் மாதங்களில் மேடையில் தடைக்காலம் கொண்டுவந்தார்கள். 2019இல் உதுகேலா கடல் பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டு, மேடையின் ஒரு பகுதி அதற்குள் வந்தது.

இங்கே நம் ஆட்களின் பங்கையும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பனுக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் கரும்பை விட்டு வலையைக் கையில் எடுத்தார்கள். டர்பன் வளைகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, கரைவலை இழுத்து, மீனையும் இறாலையும் உப்புப்போட்டுக் காயவைத்துத் தோட்டங்களுக்கு விற்றார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தீவு கடற்படைக்குப் போனது, குடிகள் வெளியேறினார்கள். 1961இல் அதே தீவில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி திறந்தது தனிக்கதை. வளைகுடாவின் அலையாத்திக் காடு துறைமுகமாகிவிட்டது. பேஹெட் பக்கம் ஒரு திட்டு மட்டும் மிச்சம்.

அவர்கள் வலையில் ஏறிய வெள்ளை இறாலின் அறிவியல் பெயர் பினேயஸ் இண்டிகஸ். 'இந்திய இறால்'. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரைக்கும் இருப்பது ஒரே இனம். பழவேற்காட்டு ஏரியில் பிடித்ததும் டர்பன் வளைகுடாவில் பிடித்ததும் அதேதான். கப்பலேறி வந்தவர்களுக்கு மொழி புதிது, மண் புதிது, துரை புதிது. இறால் மட்டும் தெரிந்த முகம்.

இப்போது ஆயா வாங்கிய பாக்கெட்டுக்கு வரலாம். மேலே 'இந்தியா' என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் வன்னாமியின் பூர்வீகம் மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரை. இந்தியாவில் வளர்க்க 2009இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ராஜா புலி இறால். புலி குளத்தின் தரையோடு கிடக்கும். வன்னாமி தண்ணீரின் எல்லா மட்டத்திலும் நீந்தும். அதனால் அதே குளத்தில் பல மடங்கு விடலாம். புரதம் குறைந்த தீவனமும் போதும். நோயில்லாத தாய் இறாலை வளர்ப்பகங்களிலேயே உருவாக்க முடிகிறது, கடலில் பிடித்துவர வேண்டாம். சில வருடங்களில் புலியை ஓரங்கட்டிவிட்டது.

தாய் இறால் சீக்கிரம் முட்டைக்கு வர ஒரு வேலை செய்வார்கள். முட்டை வளர்ச்சியை அடக்கிவைக்கும் சுரப்பி கண்ணைத் தாங்கும் காம்பில் இருக்கிறது. ஒரு கண் காம்பை நசுக்கியோ வெட்டியோ எடுத்துவிட்டால் சில நாளில் சினைப்படும். கேட்கவே கூசுகிறது. இப்போது சில வளர்ப்பகங்கள் இதைக் கைவிட்டு வருகின்றன.

பண்ணை இறால் என்றாலே பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எங்கே குளம் வெட்டினார்கள் என்பது முக்கியம். நாகப்பட்டினம் பக்கம் 1990களில் நெல்வயலைக் குளமாக்கி, நிலத்தடி நீரை உப்பாக்கியதை எதிர்த்து காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அலையாத்தியை வெட்டிக் குளம் போடுவது இன்னும் மடத்தனம். பினேயிட் குட்டிகள் வளரும் வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் பினேயிட் வளர்க்கிறார்கள்! நெருக்கமாக விட்ட குளத்தில் நோய் வந்தால் தீ மாதிரிப் பரவும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத வெண்புள்ளி வைரஸ் 2011இல் மொசாம்பிக் பண்ணைகளிலும் அடுத்த வருடம் மடகாஸ்கரிலும் நுழைந்து குளம் குளமாகக் காலி செய்தது. நேட்டாலிலேயே அமட்டிகுலு ஆற்றோரம் ஒரு பண்ணை இருந்தது. குளிர்கால மாதங்களில் தண்ணீர் சூடு போதாது, வெளிநாட்டு இறாலின் விலையோடு மல்லுக்கட்டவும் முடியாது, மூடிவிட்டார்கள்.

கடையில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் 'சாஸி' என்ற கடலுணவுப் பட்டியல் இருக்கிறது. பச்சை என்றால் வாங்கலாம், ஆரஞ்சு என்றால் யோசிக்க வேண்டும், சிவப்பு என்றால் வேண்டாம். ஒரே இனமானாலும் எங்கே, எப்படிப் பிடித்தது அல்லது வளர்த்தது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் நாடும் முறையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத பாக்கெட்டை நான் எடுப்பதில்லை.

2021 ஜனவரியில் செயின்ட் லூசியா முகத்துவாரத்தை எந்திரம் வைத்து வெட்டித் திறந்தார்கள். கரும்பு விவசாயிகளின் வயலில் தேங்கிய தண்ணீர் வடிய வேண்டும், மீன் உள்ளே வர வேண்டும் என்று ஒரு தரப்பு. இப்படி அவசரமாக வெட்டினால் சேறுதான் உள்ளே சேரும், ஆற்றோடு இயல்பாகச் சேரவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்று அறிவியலாளர்களில் பலர். விசாரணைக் குழு போடும் அளவுக்குச் சண்டை முற்றியது. எனக்கு இரண்டாவது தரப்பின் வாதம்தான் சரி என்று படுகிறது. 1952இல் செய்ததும் ஓர் அவசரம்தானே.

ஆயா வீட்டில் சட்டி சூடேறியது. கறிவேப்பிலை, வெங்காயம், டர்பன் மசாலா, தக்காளி. சாம்பல் நிற வன்னாமி விழுந்த வேகத்தில் சிவந்தது. அந்தச் சிவப்பு புதிதாக வருவதல்ல. ஓட்டில் ஏற்கெனவே இருக்கும் நிறமியை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து நிறத்தை மறைத்துவைத்திருக்கும். சூட்டில் புரதம் பிடியை விட்டதும் சிவப்பு வெளியே வருகிறது. அர்ஜென்டினா இறாலுக்கு இந்த ஒளிவு மறைவு கிடையாது, பச்சையாகவே சிவப்பு.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்ட ஆயா உதட்டைப் பிதுக்கினார். "இனிப்பே இல்ல தம்பி. பழைய எறா இனிக்கும்." வயசானவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிட முடியாது. கடலின் உப்பை ஈடுகட்ட இறால் தன் தசையில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கிறது. நாக்குக்கு இனிப்பாகத் தெரிவது அதுதான். உப்பு குறைந்த குளத்தில் வளர்ந்ததற்கு அவ்வளவு சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இதை விளக்க நான் வாயெடுப்பதற்குள், தக்காளிப் புளிப்பும் அடங்கட்டும் என்று அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை சர்க்கரையைச் சட்டியில் தூவினார். நேட்டால் கரும்புச் சர்க்கரை.